வைஃபை திரையில் ஒரு லட்சம் பார்வைகள்: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: அப்பா தொடங்கிய மூக்குக்கண்ணாடிக் கடையை நான்கு ஆண்டுகளாக நான் நடத்துகிறேன். சென்ற வாரம் ஒரு விளம்பர நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். பேருந்து நிலையம், வணிக வளாகம், கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் ஆகிய மூன்று இடங்களிலும் பொதுமக்களுக்கு இலவச வைஃபை கொடுக்கிறார்களாம். அதில் நுழையும்போது வரும் திரையில் எங்கள் கடை விளம்பரம் தெரியுமாம். மாதம் ஒரு லட்சம் பார்வைகளுக்கு உத்தரவாதம் என்கிறார். கூடவே 150 வணிக டைரக்டரிகளில் கடையைப் பதிவு செய்து தருவார். வைஃபையில் நுழைகிறவர்களின் செல்பேசி எண்களையும் மாதாமாதம் அனுப்புவார். ஓராண்டுக்கான பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். வியாழக்கிழமை பதில் கேட்டு வருகிறார். சேரலாமா? இன்னொன்று: இணைய வரைபடத்தில் யாரோ எங்கள் கடையைப் போட்டிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவோம் என்று அதில் இருக்கிறது. நாங்கள் ஒன்பது வரை திறந்திருக்கிறோம். தொலைபேசி எண்ணும் பழையது. அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்துப் பதில் கிடைக்காத ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துக் குறை எழுதிவிட்டார். அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'இன்னொன்று' என்று கடைசியில் சேர்த்திருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன். மாலை ஏழு மணிக்கு ஒருவருடைய கண்ணாடியின் கம்பி உடைந்துவிடுகிறது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். செல்பேசியை எடுத்து, பக்கத்தில் கண்ணாடிக் கடை எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். உங்கள் கடை வருகிறது. 'மூடப்பட்டது' என்று வருகிறது. நீங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள். தினமும் மூன்று மணி நேரம் இது நடக்கிறது. தேவையோடு, பணத்தோடு, இன்றே வாங்கும் எண்ணத்தோடு தேடி வருகிற வாடிக்கையாளரை உங்கள் பெயரில் இருக்கும் ஒரு பதிவே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் விளம்பரத்தில் போடும் பணம் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான். ஏனென்றால் வைஃபை திரையில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் வர நினைத்தாலும், வழி தெரிந்துகொள்ள அவர் திறக்கப்போவது அதே வரைபடத்தை.

கடைக்கு வரக்கூடியவர்களை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒருவர் தேடுகிறவர், மற்றவர் காத்திருக்கிறவர். தேடுகிறவர் டைரக்டரியைத் திறக்கிறார். தன் தேவையை அவரே சொல்கிறார். காத்திருக்கிறவர் பஸ் வரும்வரை இணையத்தில் எதையோ பார்க்க நினைக்கிறார். நடுவில் நாம் ஒரு தட்டியைக் காட்டுகிறோம். இரண்டு பேரும் உங்களுக்கு வேண்டும். ஆனால் முதலாமவருக்குச் சரியான பதில் சொல்லி முடித்த பிறகே இரண்டாமவரிடம் போக வேண்டும். பிரதிநிதி இதைத் தலைகீழாக வைத்து விற்கிறார். வைஃபை விளம்பரம் பெரிய பொருளாகவும், டைரக்டரிப் பதிவு அதனோடு வரும் இலவச இணைப்பாகவும் அவர் கையேட்டில் இருக்கிறது. உங்கள் கடைக்கு மதிப்பு எதிர்த்திசையில் இருக்கிறது.

டைரக்டரி என்பது பழைய சமாச்சாரம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். 1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்த முதல் தொலைபேசி டைரக்டரி ஒரே ஒரு தாள். ஏறத்தாழ 50 பெயர்கள். எண்கள்கூடக் கிடையாது. ஆபரேட்டரிடம் பெயரைச் சொன்னால் இணைப்புக் கொடுப்பார். அந்த ஒற்றைத் தாளிலேயே வீடுகள் தனி, மருத்துவர்கள் தனி, கடைகள் தனி என்று வகை பிரித்திருந்தார்கள். இன்றைய இணைய டைரக்டரியின் உயிரும் அந்த வகைப் பிரிப்பில்தான் இருக்கிறது. நீங்கள் யார் என்பதைவிட, எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறீர்கள் என்பதே உங்களைத் தேடுகிறவரிடம் கொண்டுசேர்க்கிறது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கூகுள் வரைபடத்தில் இருக்கும் அந்தப் பதிவை உங்கள் உரிமைக்குக் கொண்டுவாருங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று இப்போது அதற்குப் பெயர். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது. பதிவிலேயே 'இந்த நிறுவனம் உங்களுடையதா' என்று கேட்கும் இணைப்பு இருக்கும். உங்கள் சொந்த மின்னஞ்சலில் நுழைந்து உரிமை கோருங்கள். தொலைபேசி, காணொளி, அஞ்சல் அட்டை என ஏதாவது ஒரு வழியில் நீங்கள்தான் கடைக்காரர் என்று சரிபார்ப்பார்கள். இதற்குக் கட்டணமே இல்லை. கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் பதிவு போய்விடும் என்று யாராவது அழைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்; அது மோசடி.

உரிமை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். பதிவுக்கு முதன்மை உரிமையாளர், உரிமையாளர், மேலாளர் என்று படிநிலைகள் இருக்கின்றன. வெளியாள் யாரையாவது வேலைக்கு வைத்தால் மேலாளராக மட்டும் சேருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருடைய கடைப் பதிவு, எப்போதோ ஒரு விளம்பர முகவர் தன் மின்னஞ்சலில் தொடங்கியதாக இருக்கும். முகவரோடு மனத்தாங்கல் வந்ததும் சாவி அவர் கையில் இருப்பது தெரியவரும். பல ஆண்டுகள் சேர்த்த மதிப்புரைகள், படங்கள் எல்லாம் அந்தச் சாவிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும். திரும்பப் பெற வழி உண்டு. அதற்குள் வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

உரிமை வந்ததும் நேரத்தைத் திருத்துங்கள். விடுமுறை நாட்களுக்குத் தனியாக நேரம் குறிக்க இடம் இருக்கிறது, அதையும் நிரப்புங்கள். பிறகு எண். பிறகு வகை. முதன்மை வகையாகக் கண்ணாடிக் கடையைக் குறிக்கும் வகையே இருக்க வேண்டும். பொதுவாக 'கடை' என்று இருந்தால் அது வீண். கண் பரிசோதனையும் செய்கிறீர்கள் என்றால் அதைத் துணை வகையாகச் சேருங்கள். பெயர்ப் பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். 'சிறந்த, மலிவான' என்றெல்லாம் பெயரோடு ஒட்டவைத்தால் தேடலில் மேலே வரலாம் என்று சிலர் சொல்வார்கள். அது விதிமீறல், பதிவையே முடக்கிவிடக்கூடும். உள்ளூர்த் தேடலில் யாரை முன்னே காட்டுவது என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடியதற்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு அருகில் இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டது. பணம் கொடுத்து இந்த வரிசையில் முன்னேற முடியாது என்றும் அவர்களே சொல்கிறார்கள். தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் உழைப்பில் இருக்கின்றன.

150 டைரக்டரிகளில் பதிவு என்பதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கவலைதான் வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை. நாளை எண் மாறினால் அந்த 150 இடங்களிலும் போய் யார் திருத்துவார்கள்? இப்போதே ஒரு பழைய எண் உங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் வாங்கிக்கொடுத்துவிட்டது. அதை 150 இடங்களில் ஊன்றி வைக்கப் பணமும் கொடுக்க வேண்டுமா? எனக்கு ஏழெட்டு இடங்கள் போதும். கூகுளுக்கு அடுத்து, ஆப்பிள் வரைபடத்துக்காக அந்த நிறுவனம் 2023 முதல் கடைக்காரர்களுக்குத் தந்துவரும் இலவசப் பதிவு, மைக்ரோசாஃப்ட்டின் பிங், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். பல செயலிகள் இந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்தே தங்கள் வரைபடத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். இவற்றோடு உங்கள் பகுதியில் மக்கள் உண்மையில் பயன்படுத்தும் டைரக்டரி ஒன்று அல்லது இரண்டு. எது என்று தெரிந்துகொள்ளக் கடைக்கு வரும் பத்து பேரிடம் கேட்டாலே போதும். கடைசியாக, கண்ணாடித் தொழிலுக்கென்றே இருக்கும் பட்டியல்கள். நீங்கள் விற்கும் லென்ஸ், ஃபிரேம் நிறுவனங்கள் சில தங்கள் இணையதளத்தில் விற்பனையாளர் பட்டியல் வைத்திருக்கும். அந்த நிறுவனத்தின் பொருளை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர் பார்க்கும் பட்டியல் அது. அங்கே உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இதை யாரும் உங்களுக்கு விற்க வரமாட்டார்கள். ஆகவே பலர் மறந்துவிடுகிறார்கள்.

எல்லா இடத்திலும் பெயர், முகவரி, எண் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தமிழ்ப் பெயர் வைத்த கடைகளுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'ழ'வுக்கு ஒருவர் ஒரு விதம், நெடிலுக்கு இன்னொருவர் ஒரு விதம் என்று போய்விடுகிறது. பெயர்ப் பலகையில் ஒன்று, பில்லில் ஒன்று, டைரக்டரியில் வேறொன்று. படிப்பவர் புரிந்துகொள்வார், தேடுபொறி இரண்டு கடைகள் என்று எண்ணிவிடக்கூடும். அப்பா காலத்துப் பலகையில் எப்படி இருக்கிறதோ அதையே ஒரு தாளில் எழுதி, எங்கு பதிந்தாலும் அந்தத் தாளைப் பார்த்துப் பதியுங்கள்.

இப்போது வைஃபைக்கு வருகிறேன். அந்த நுழைவுத் திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், பிரதிநிதி சொல்வதில் எதை நம்பலாம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

செல்பேசி புதிய வைஃபையில் சேர்ந்ததும், வெளியே இணையம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பக்கத்தைக் கேட்கிறது. ஐபோன் ஆப்பிளின் ஒரு முகவரியைக் கேட்கும். ஆண்ட்ராய்டு கூகுளின் முகவரியைக் கேட்டு, வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும். பொது வைஃபையின் கருவி அந்தக் கேள்வியை நடுவில் பிடித்து, வேறு பக்கத்தைக் காட்டுகிறது. 'ஓகோ, இங்கே நுழைவு வாயில் இருக்கிறது' என்று செல்பேசி புரிந்துகொண்டு, ஒரு சிறு சாளரத்தைத் திறக்கிறது. உங்கள் விளம்பரம் தெரிவது அந்தச் சாளரத்தில். அது முழுமையான உலாவி கிடையாது. வழக்கமாகப் பயன்படுத்தும் உலாவியில் இருக்கும் கடவுச்சொற்களும் நினைவுகளும் அதில் இருப்பதில்லை. பல செல்பேசிகளில் இணையம் கிடைத்த மறுகணம் அது மூடிக்கொள்ளும். 'எங்கள் தளத்துக்கு வர இங்கே தொடுங்கள்' என்று நீங்கள் போட்டிருந்தால், தொட வேண்டிய நேரத்தில் அந்தப் பொத்தானே இருக்காது. எனவே அங்கே வைக்கும் விளம்பரம் தொடாமலே வேலையை முடிக்க வேண்டும். கடைப் பெயர், எவ்வளவு தூரம், என்ன கிடைக்கும். மூன்று வரி. பேருந்து நிலையச் சுவரில் எழுதுவதைப் போல எழுத வேண்டும்.

முன்பு சில பொது வைஃபைகள், பயனர் படிக்கும் இணையப் பக்கங்களுக்குள்ளேயே விளம்பரத்தைச் செருகிவிடும். இப்போது பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது நடுவில் இருப்பவர் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டப்பட்டு வருவதால் அது நடக்காது. 'உள்ளே போன பிறகும் உங்கள் விளம்பரம் தொடரும்' என்று பிரதிநிதி சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

ஒரு லட்சம் பார்வை என்ற கணக்கைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்துக்கு இப்படியொரு நுழைவுத் திரை விளம்பரத்தை நானே பரிந்துரைத்தேன். மாத அறிக்கை வந்தபோது எண்ணிக்கை மலைக்கவைத்தது. சேர்க்கைக்கு வந்தவர்களிடம் கேட்டால், அந்தத் திரையைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. உட்கார்ந்து விவரம் கேட்டபோதுதான் தெரிந்தது: இணைப்பு அறுந்து திரும்பச் சேரும் ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை. ஒரே ஆள் ஒரு மணி நேரத்தில் ஆறு பார்வை. அந்த நிலையத்தின் உரிமையாளர் என்னைத் திட்டவில்லை. 'நீங்கள் சொன்னீர்கள் என்று செய்தேன்' என்றார். அதற்குப் பிறகு எந்தப் பார்வைக் கணக்கையும், எண்ணும் முறையைக் கேட்காமல் நான் ஏற்றுக்கொண்டதில்லை.

'எங்கள் கருவி ஒவ்வொரு செல்பேசியையும் தனித்தனியாக அடையாளம் காணும்' என்று பதில் வரலாம். ஒவ்வொரு செல்பேசியின் வைஃபை பாகத்துக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாள எண் உண்டு; அதை வைத்து முன்பு அப்படிச் செய்ய முடிந்தது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் ஐபோன்களுக்கு வந்த ஐஓஎஸ் 14 முதலும், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் கொடுப்பதே செல்பேசிகளின் வழக்கமாகிவிட்டது. மக்களின் நடமாட்டத்தை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல மாற்றம் அது. விளைவாக, பேருந்து நிலையத்தில் ஒருவராகவும் வணிக வளாகத்தில் வேறொருவராகவும் ஒரே ஆள் எண்ணப்படலாம். ஒரு லட்சத்துக்குள் எத்தனை மனிதர்கள் என்பதற்கு உறுதியான விடை அவரிடமே இருக்காது.

ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், விளம்பரத்தை நம்பி இலவச வைஃபை நடத்துவதே சிரமமான தொழில் என்பது. 2006இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் மெட்ரோஃபை என்ற நிறுவனம் விளம்பர வருமானத்தில் ஊர் முழுக்க இலவச வைஃபை தரத் தொடங்கி, 2008இல் நிறுத்திவிட்டது. கூகுளே 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி 400க்கும் மேற்பட்ட இந்திய ரயில் நிலையங்களில் வைஃபை கொடுத்தது. செல்பேசி டேட்டா மலிவாகிவிட்டது என்று சொல்லி, 2020 பிப்ரவரியில் அத்திட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. நியூயார்க்கில் 2016இல் பழைய பொதுத் தொலைபேசிகளின் இடத்தில் இலவச வைஃபைத் தூண்களை நட்டார்கள். அந்தத் திட்டத்தின் வருமானத்துக்கு நம்பியிருந்தது, தூணின் இருபுறமும் தெருவைப் பார்த்து ஒளிரும் 55 அங்குலத் திரைகளை. பெரிய நகரத்தில்கூட விளம்பரத்துக்குப் பணம் தருகிறவர் நடந்துபோகிறவரின் கண்ணைத்தான் நம்பினார். இந்த அனுபவங்களை வைத்து நான் பிரதிநிதியின் நிறுவனத்தைக் குறை சொல்லவில்லை. அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். எட்டாவது மாதத்தில் அந்த வைஃபை நின்றுபோனால் உங்கள் பணம் என்ன ஆகும் என்பதே கேள்வி.

இவ்வளவு சொன்ன பிறகும் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. மூன்று இடங்களில் ஒன்று என் மனத்தை இழுக்கிறது: கண் மருத்துவமனை. கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தால், புதிய கண்ணாடிச் சீட்டோடு வெளியே வருகிறவர்கள் உங்களுக்குத் தேவையானவர்கள்தாம். அவர்கள் காத்திருக்கிறவர்களாக உள்ளே போய், தேடுகிறவர்களாக வெளியே வருகிறார்கள். ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மருத்துவமனைக்குள்ளேயே கண்ணாடிக் கடை இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலானோர் சீட்டை அங்கேயே கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது, உங்கள் தொழிலில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை: கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டவரால் சில மணி நேரம் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாது. அந்தக் கூடத்தில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நோயாளியின் மகளோ, கணவரோ, பேரனோதான். உங்கள் மூன்று வரியை அவருக்கு எழுதுங்கள். 'அம்மாவின் புதிய கண்ணாடி, வாசலில் இறங்கி இடப்பக்கம் நான்காவது கடையில்' என்பது போல. இந்த ஒரு இடத்தை மட்டும், மாதா மாதம் பணம் கட்டும் முறையில் தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் இரண்டு மாதம் சோதித்துப் பாருங்கள்.

சோதனை என்றால் அவர்களுடைய அறிக்கையை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. கல்லாவின் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வரும் ஒவ்வொருவரிடமும் 'எங்களை எப்படித் தெரியும்?' என்று கேட்டு ஒரு கோடு போடுங்கள். வரைபடம், தெரிந்தவர் சொன்னது, பலகை, வைஃபை என்று நான்கைந்து பத்திகள் போதும். திரையில் மட்டும் வரும் ஒரு சலுகைச் சொல்லை வைத்து, அதைச் சொல்கிறவருக்கு இலவசமாகக் கம்பியைச் சரிசெய்து கொடுக்கலாம். மருத்துவமனைச் சுவரில் தாள் ஒட்ட அனுமதி கிடைத்தால், அதில் தனிக் கியூஆர் குறியீடு வைத்து எத்தனை பேர் அந்த வழியாக வந்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். பிறகு ஒரே ஒரு வகுத்தல் கணக்கு: விளம்பரத்துக்கு மாதம் கொடுக்கும் தொகையை, ஒரு கண்ணாடி விற்றால் கையில் நிற்கும் லாபத்தால் வகுங்கள். விடை பன்னிரண்டு என்றால், வைஃபை பத்தியில் பன்னிரண்டு கோடுகள் விழுந்த பிறகே அந்த விளம்பரம் தன் செலவைத் திருப்பித் தந்திருக்கிறது. ஒரு லட்சம் எங்கே, பன்னிரண்டு எங்கே என்று தோன்றும். உங்களுக்கு வாடகை கட்டித் தருவது அந்தப் பன்னிரண்டுதான்.

செல்பேசி எண்கள் விஷயத்தில் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண் இணையத்துக்காகத் தன் எண்ணைக் கொடுக்கிறாள். கண்ணாடிக் கடையிலிருந்து செய்தி வர வேண்டும் என்பதற்காகக் கொடுக்கவில்லை. விதிமுறைகளில் ஒப்புதல் இருக்கிறது என்பார்கள். 2017இல் பிரிட்டனின் பர்ப்பிள் என்ற வைஃபை நிறுவனம் ஒரு சோதனை செய்தது. கழிப்பறை கழுவுவது உட்பட 1,000 மணி நேரச் சமூக சேவை செய்யச் சம்மதிக்கிறேன் என்று தன் விதிமுறைகளில் ஒரு வரியைச் சேர்த்தது. இரண்டு வாரத்தில் 22,000க்கும் அதிகமானோர் 'சம்மதம்' கொடுத்தார்கள். அந்த வரியைக் கவனித்துச் சொன்னவர் ஒரே ஒருவர். நுழைவுத் திரையில் கிடைக்கும் ஒப்புதலின் மதிப்பு அவ்வளவுதான். 2013இல் லண்டனில் சில குப்பைத் தொட்டிகள் வழியில் போகிறவர்களின் செல்பேசிகளை வைஃபை மூலம் குறித்துவைப்பது தெரியவந்ததும், நகர நிர்வாகம் அதை உடனே நிறுத்தச் சொன்னது. 2018 மே மாதம் முதல் ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போன்றவை, எந்தக் காரியத்துக்காக ஒருவர் தகவலைக் கொடுத்தாரோ அந்தக் காரியத்துக்கு மட்டுமே அது என்ற கொள்கையில் நிற்பவை. சட்டத்தை விடுங்கள், கண் பார்வைக்காக உங்களை நம்பி வருகிறவர்களிடம் கடையின் முதல் வார்த்தை கேட்காத செய்தியாக இருக்கக் கூடாது. உங்கள் அப்பா சேர்த்த பெயர் இருக்கிறது. அதை வாங்கிய எண்களுக்காகச் செலவழிக்காதீர்கள்.

விளம்பரத் திரை வாங்குவதைவிட எனக்குப் பிடித்த வேறு ஒரு வழி, உங்கள் கடையிலேயே விருந்தினர் வைஃபை வைப்பது. லென்ஸ் பொருத்தும்வரை உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது உதவி. அதோடு வைஃபை பெயரே ஒரு பெயர்ப் பலகை; கடை வாசலில் நிற்கிறவர்களின் பட்டியலிலும் அது தெரியும். ஜெர்மனியில் மியூனிக் அருகே ஒலி, ஒளிக் கருவிகள் விற்கும் கடைக்காரர் ஒருவர், பக்கத்துக் கடைகளுக்கு வருகிறவர்களின் கவனத்தைத் தன் பக்கம் திருப்புவதற்காகவே கடவுச்சொல் இல்லாமல் வைஃபையைத் திறந்து வைத்தார். அதன் வழியாக யாரோ ஓர் இசைப் பதிவைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பகிர, வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2016 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: அடுத்தவர் செய்ததற்குக் கடைக்காரர் இழப்பீடு தர வேண்டியதில்லை, ஆனால் கடவுச்சொல் வைக்கச் சொல்லி அவருக்கு உத்தரவிடலாம். நீங்களும் கடவுச்சொல் வையுங்கள். பில் போடும் கணினியும், வாடிக்கையாளர்களின் பார்வை அளவுகள் இருக்கும் கணினியும் உள்ள வைஃபை வேறு, விருந்தினர் வைஃபை வேறு என்று பிரித்துவிடுங்கள். பொது இணைப்புத் தருகிறவர் என்ன பதிவேடு வைக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்; இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டால் ஒரு சிறு எச்சரிக்கை. வைஃபை பெயருக்கு 32 பைட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்; பைட் என்பது கணினியில் எழுத்துகள் பிடிக்கும் இடத்தின் அளவு. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'டி' என்றால் ட, இகரக் குறி என இரண்டு குறியீடுகள், 6 பைட். 'கண்ணாடி' 21 பைட்டில் அடங்கும். 'கண்ணாடிக்கடை' 36 பைட் ஆகிவிடும், ஏற்காது. சுருக்கமான பெயராகப் பார்த்து வையுங்கள்.

வியாழக்கிழமை பிரதிநிதி வரும்போது அன்பாகவே பேசுங்கள். மருத்துவமனைத் திரை மட்டும், மாதக் கட்டணம், எண்ணும் முறை எழுத்தில், வைஃபை நின்றால் மீதிப் பணம் திரும்ப, டைரக்டரிப் பதிவுகள் வேண்டாம், எண்கள் வேண்டாம். இதற்கு அவர் ஒப்புக்கொண்டால் சேருங்கள். 'இன்று கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை' என்று சொன்னால், அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.

அதற்கு முன்பு, இன்று இரவே அந்த ஒற்றை நட்சத்திரத்தைக் கவனிக்க வேண்டும். உரிமை கைக்கு வந்தவுடன் அந்தக் குறைக்குக் கீழேயே நீங்கள் பதில் எழுதலாம். அதை நீக்கச் சொல்லிப் புகார் கொடுக்காதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. நண்பர்களை அழைத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லவும் வேண்டாம். அது விதிகளுக்கு விரோதம் என்பதோடு, படிக்கிறவருக்கு வாசனை தெரிந்துவிடும். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். உங்கள் சொற்களில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். நீங்கள் அழைத்தது எங்கள் பழைய எண். இங்கே தவறான எண் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போனது எங்கள் கவனக்குறைவு, மன்னிக்க வேண்டும். இப்போது எண்ணையும் நேரத்தையும் திருத்திவிட்டோம். தினமும் இரவு ஒன்பது வரை கடை திறந்திருக்கும். உங்கள் கண்ணாடி வேலை இன்னும் முடியவில்லை என்றால் ஒருமுறை வாருங்கள், நானே பார்த்துத் தருகிறேன்."

கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். கடைப் பெயர் வேண்டாம், உங்கள் பெயர்.